ஆப்பிள் மசியல் கறுக்காமல் இருக்க

கேள்வி: ஒரு வயதுக் குழந்தைக்காக வீட்டில் செய்யும் ஆப்பிள் மசியல் கறுத்துப்போகிறது, அடியும் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதிகளால் பழுப்பேறும் என்பதால், மாட்டுத்தாவணிப் பழச் சந்தையில் வாங்கிய 4 பழங்களைத் தோலும் விதையும் நீக்கி நறுக்கிய கையோடு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிடுங்கள். அடி கனமான பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் இடையிடையே கிளறி, 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் துண்டு வெண்ணெய்போல் நசுங்குவதே பதம். பிறகு கீரை கடையும் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அரைப்பதைவிட இந்தப் பக்குவமே எனக்குப் பிடித்தது. குழந்தைக்குச் சர்க்கரை வேண்டவே வேண்டாம். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 3 நாட்களுக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.