களிம்பை மறைத்தால் காசு திரும்பி வரும்
வாசகர் கேள்வி - பதில்: பழங்காசு ஏலம்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒரு பக்கம் அல்லி மலரும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்தும் உள்ள செப்புக் காசுகள் இருந்தன. சிலவற்றில் பச்சை படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து ஏலத்துக்குக் கொடுக்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிரெஞ்சுக்காரர்கள் அடித்த 'டுடு' என்ற செப்புக் காசு அது. புளியை மறந்துவிடுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல உப்பும் சேர்த்துத் தேய்த்தால் இன்னும் கேடு. புளியின் அமிலம் இருநூறு வருட நிறத்தை உரித்து இளஞ்சிவப்புச் செம்பை வெளியே காட்டிவிடும், உப்பின் குளோரைடு உள்ளே தங்கிவிடும்.

களிம்பில் இரண்டு ரகம் உண்டு. பல்குச்சியால் சுரண்டினாலும் அசையாமல் கெட்டியாக, கரும்பச்சையாக இருந்தால் அது காசுக்குக் காப்பு. அதை அப்படியே விடுங்கள். மாவுபோல உதிரும் வெளிர்பச்சைதான் நோய். செம்பில் சேர்ந்த குளோரைடு காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகிறது, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. நம் கடலோரக் காற்றுக்கு இது நிற்கவே நிற்காது. சந்தேகமாக இருந்தால் காசை ஈரப்பஞ்சோடு, பஞ்சு மேலே படாமல், மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். புதிதாகப் பச்சைப் பொட்டு பூத்தால் நோய் உறுதி.

அப்படிப்பட்ட காசை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். மாவை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற காரப் பொடியை 5 சதவீதம் கரைத்து, அதில் காசை ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும், பல வாரம் ஆகும். பிறகு வடிநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் போடுங்கள். இவ்வளவு செய்தும் நோய் திரும்பலாம். அதனால் ஏலத்துக்குத் தரும் விவரத்தில் அதையும் எழுத வேண்டும். உதாரணமாக: 'டுடு, செம்பு, 3.92 கிராம், 16 மி.மீ. மலர்ப்பக்கம் 7 மணித் திசையில் களிம்பு நோய் இருந்தது. ஊறவைத்துச் சரிசெய்யப்பட்டது. அங்கே சிறு குழி உண்டு.' இரண்டே வரிதான். விலை கொஞ்சம் குறையும். எழுதாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் வாங்கியவர் கவருக்குள் பச்சைப் பொடியைப் பார்ப்பார், பிறகு நீங்கள் தரும் எந்தக் காசையும் நம்ப மாட்டார்.

கேள்வி: காசுமாலையிலிருந்து கழற்றிய ஆற்காட்டு வெள்ளி ரூபாய். கொக்கி இருந்த தடத்தை ஆசாரி பற்றவைக்கும் பொடி வைத்து அடைத்து மெருகேற்றிவிட்டார், கண்ணுக்கே தெரியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் கண்ணுக்குத் தெரியாதது பத்து மடங்கு லென்ஸில் தெரியும். பற்றவைத்த இடத்தில் வெள்ளியின் நிறம் சற்று மஞ்சளாக இருக்கும், விளிம்பின் பழைய தேய்மானம் அங்கே மட்டும் அறுந்து நிற்கும். மண்ணும் புழக்கமும் செய்த தேய்மானத்தை வாங்குபவர் படத்திலேயே பார்த்துக்கொள்வார். மனிதக் கை செய்ததை விற்பவர்தான் சொல்ல முடியும். ஓட்டை அடைத்தது, எழுத்தைக் கூர்மையாக்கச் செதுக்கியது, ரசாயனத்தால் கருப்பேற்றியது எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் செதுக்கியதை மறைப்பதுதான் ஆகப் பெரிய மோசடி. இல்லாத எழுத்தை இருப்பதாக விற்கிறார்களே!

வெள்ளிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் காசை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்க முக்குங்கள். 11.40 கிராம் காசுக்குத் தராசு 1.10 காட்டினால், 11.40-ஐ 1.10-ஆல் வகுத்தால் 10.36, அதுதான் காசின் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, எனவே நல்ல வெள்ளிதான். 9-ஐ ஒட்டி வந்தால் உள்ளே செம்பு. சின்ன ஒட்டு வேலையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதற்கு லென்ஸ்தான்.

கேள்வி: 'உள்ளது உள்ளபடி' என்று போட்டுவிட்டால் போதாதா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தெரியாத குறைக்கு வேண்டுமானால் அது பொருந்தும், தெரிந்தே விட்டதற்குப் பொருந்தாது. இரு பக்கமும் விளிம்பும் ஜன்னல் வெளிச்சத்தில், மி.மீ. அளவுகோலோடு, ஃபில்டர் இல்லாமல் படம் எடுத்துப் போடுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அரிக்கமேட்டில் கிடைத்தது என்று அளந்துவிட வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கலயத்தில் காசுகள் கிடைத்தன. வெளிநாட்டு ஏலத்தில் விற்றால் நல்ல விலை வருமாமே?
- வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: வேண்டாம். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வயது கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கலயத்தை உடைக்காமல், காசுகளைக் கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே ஒப்படையுங்கள். எந்தக் காலத்துப் புதையல் என்று கணிக்க அந்த மண்ணும் கலயமும் தேவைப்படும்.