மெட்டல் எவ்ளோ அரிச்சிருக்குன்னு கதிரியக்கத்த வச்சு அளக்குறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பைப்பை வெட்டாம, மெஷினை நிறுத்தாம, வெளிய ஒரு டிடெக்டர வச்சு உள்ள எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கரைஞ்சு போயிருக்குன்னு பாக்குறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை. வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, அடிப்படையே புரியல. துருவுக்கும் கதிரியக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

துருவுக்கும் அதுக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் இல்லப்பா, நாமதான் உண்டாக்குறோம். சைக்ளோட்ரான்னு துகள்கள வேகமாக்குற ஒரு மெஷின் இருக்கு, அதுல இருந்து வர்ற புரோட்டான் கற்றைய இரும்போட மேல்பரப்புல ஒரு சின்ன இடத்துல மட்டும் அடிப்போம், அங்க இருக்குற இரும்பு-56 அணுக்கள்ல ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேர் மட்டும் ஒரு புரோட்டானை வாங்கிட்டு ஒரு நியூட்ரானை வெளிய விட்டு கோபால்ட்-56 ஆயிடுவாங்க. மெட்டலோட குணம் மாறுற அளவுக்கெல்லாம் இல்ல. அந்த கோபால்ட் 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் விடும், அதுல பாதிய நிறுத்தவே 1.3 சென்டிமீட்டர் போல இரும்பு வேணும், அதனாலதான் பைப் சுவர் தாண்டி வெளியவே எண்ண முடியுது. உள்ள மேல்பரப்பு கரைய கரைய கோபால்ட்டும் கூடவே போயிடும், கவுன்ட், அதாவது டிடெக்டர் எண்ணுற காமா கதிரோட எண்ணிக்கை, குறையும். எந்த ஆழம் வரைக்கும் கோபால்ட் இருக்கணும்னு கற்றையோட எனர்ஜியையும், அடிக்கிற இரும்புத் துண்ட எவ்ளோ சாய்ச்சு வைக்கிறோம்ங்கறதையும் வச்சு முடிவு பண்ணலாம்.

கேள்வி: கோபால்ட் தானாவே சிதைஞ்சு கவுன்ட் குறையுமே மேடம், அதையும் அரிப்பையும் எப்படி பிரிப்பீங்க?

ரொம்ப சரியான கேள்வி. கோபால்ட்-56 ஓட அரை ஆயுள், அதாவது அதுல பாதி சிதைய ஆகுற காலம், சுமார் 77 நாள், அது மாறவே மாறாது, அதனால கணக்கு போட்டு கழிச்சிடலாம். உதாரணத்துக்கு முதல் நாள் செகண்டுக்கு 1000 கவுன்ட்னு வைங்க, 30 நாள் கழிச்சு அரிப்பே இல்லாட்டியும் 764 தான் வரும். நீங்க அளந்தா 726 வருது. 726-அ 764-ஆல வகுத்தா 0.95, அப்போ 5 சதவீதம் போயிருக்கு. 100 மைக்ரான் ஆழம் வரைக்கும் ஒரே சீரா ஆக்டிவேட் பண்ணியிருந்தா (கதிரியக்கம் ஏத்தியிருந்தா) 5 மைக்ரான் போச்சு, வருஷத்துக்கு 60 மைக்ரான் வேகம். நான் எப்பவும் அதே கற்றைல அதே நாள்ல அடிச்ச இன்னொரு துண்ட டப்பால பத்திரமா வச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் அளந்து விகிதம் எடுத்தா சிதைவு தானா அடிபட்டுப் போகும்.

கேள்வி: நானோமீட்டர் கூட அளக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

எந்த முறைன்னு பொறுத்தது. துண்டுல மிச்சம் என்ன இருக்குன்னு பாக்குற முறைல முடியாது. கதிரியக்கத்துல 10,000 கவுன்ட் எண்ணினா அதுல 100 முன்ன பின்ன இருக்கும், அதாவது 1 சதவீதம். 0.1 சதவீதத்துக்கு வரணும்னா 10 லட்சம் கவுன்ட் எண்ணணும், அதுக்கு நேரம் வேணும், அந்த நேரம் முழுக்க டிடெக்டர் ஆடாம அசையாம இருக்கணும். 100 மைக்ரான் லேயர்ல 0.1 சதவீதம்னா அது 0.1 மைக்ரான், அதையும் முதல் அளவுலயும் பிழை இருக்குங்கறத மறந்துட்டு சொல்றோம். நானோமீட்டர் வேணும்னா கரைஞ்சு போனத திரவத்துல தேடணும், அங்க பூஜ்யத்துல இருந்து ஏறுறத பாக்குறோம், அது ரொம்ப நுணுக்கமா தெரியும். ஆனா கரைஞ்ச கோபால்ட் பைப் சுவர்லயோ ஃபில்டர்லயோ போய் ஒட்டிக்கிட்டா திரவத்துல கம்மியா காட்டும், அத யாரும் பெருசா சொல்ல மாட்டேங்கறாங்க.

கேள்வி: சைக்ளோட்ரான் எதுக்கு, ரியாக்டர்ல நியூட்ரான் அடிச்சா போதாதா?

அடிக்கலாம், இரும்பு-59 கிடைக்கும், அரை ஆயுள் 44.5 நாள். ஆனா நியூட்ரான் முழு துண்டையும் ஆக்டிவேட் பண்ணிடும், அதுல மேல 2 மைக்ரான் போனா யாருக்கு தெரியப்போகுது? திரவத்த அளக்குற முறைக்கு மட்டும்தான் அது சரி.

கேள்வி: துரு உதிராம மெட்டல் மேலயே ஒட்டிக்கிட்டு இருந்தா?

இந்த கேள்வி கேட்டவருக்கு நன்றி, எல்லாரும் கேக்க வேண்டியது இதான். இந்த முறை அரிப்ப அளக்கல, அந்த இடத்த விட்டு கிளம்பிப் போன மெட்டல அளக்குது. இரும்பு ஆக்சைடா மாறி கெட்டியா அங்கயே உக்காந்திருந்தா கோபால்ட்டும் பெரும்பாலும் அதுக்குள்ளயே இருக்கும், கவுன்ட் குறையாது, ரிப்போர்ட்ல எல்லாம் நல்லா இருக்குன்னு வரும், உள்ள சுவர் மெலிஞ்சுகிட்டே இருக்கும். வேகமா ஓடுற தண்ணி, ஆசிட், மணல் கலந்த ஓட்டம், இங்கெல்லாம் துரு நிக்காது, அங்க தாராளமா நம்பலாம். தேங்கி நிக்கிற இடத்துல எடை இழப்பு கூப்பன் (எடை போட்டு வச்சு, பின்னாடி எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாக்குற மெட்டல் துண்டு) ஒன்னு பக்கத்துல போடாம வெறும் கவுன்ட்ட வச்சு முடிவு எடுக்காதீங்க, கெஞ்சி கேக்குறேன்.

கேள்வி: குழி குழியா அரிக்கிறது தெரியுமா?

சராசரிதான் தெரியும். ஆக்டிவேட் பண்ண பரப்புல நூத்துல ஒரு பங்கு இடத்துல மட்டும் குழி விழுந்து 100 மைக்ரான் லேயரையும் தாண்டி 1 மில்லிமீட்டர் ஆழம் போயிருக்குன்னு வைங்க, உங்க கவுன்ட் 1 சதவீதம் குறையும், நீங்க 1 மைக்ரான்னு எழுதுவீங்க. ஆயிரம் மடங்கு தப்பு! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குளோரைடு இருக்குற தண்ணி ரெண்டும் சேர்ந்தா இத முதல்ல யோசிங்க.

கேள்வி: பித்தளைல துத்தநாகம் மட்டும் போறத கண்டுபிடிக்க முடியுமா அக்கா?

முடியும், எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை அது. நியூட்ரான் அடிச்சா துத்தநாகம்-65-ம் செம்பு-64-ம் ரெண்டுமே கிடைக்கும், கரைசல்ல ரெண்டோட விகிதம் பித்தளைல இருக்குற விகிதத்த விட துத்தநாகம் பக்கம் சாஞ்சா வேலை ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், கண்ணுக்கு நிறம் மாறுறதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். ஆனா செம்பு-64 ஓட அரை ஆயுள் 12.7 மணி நேரம்தான், அது சிதையறதுக்குள்ள அளந்தாகணும், அதனால தூக்கம் போயிடும்.

கேள்வி: இத யாரு முதல்ல ஆரம்பிச்சது?

டிரேசர், அதாவது கொஞ்சம் கதிரியக்க அணுவ கலந்து பொருள் எங்க போகுதுன்னு பின்தொடர்றது, அந்த யோசனையே ஹெவெசி, பானெத்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க 1913-ல ஈயத்தோட கதிரியக்க ஐசோடோப்ப வச்சு, லேசுல கரையாத ஈய உப்பு எவ்ளோ கரையுதுன்னு அளந்ததுல ஆரம்பிச்சது. ஹெவெசிக்கு 1943-ம் வருஷ வேதியியல் நோபல் கிடைச்சது.

கேள்வி: ரீடிங் தப்பா வந்து நீங்க ஏமாந்தது உண்டா மேடம்?

ஒரு இடத்துல மதியத்துக்குள்ள 3 சதவீதம் கவுன்ட் குறைஞ்சது, அங்க இருந்தவங்க பயந்து போய் இன்ஹிபிட்டர் (அரிப்ப தடுக்க கலக்குற கெமிக்கல்) அளவ கூட்டவே தயாராயிட்டாங்க, நானும் சரின்னுதான் நினைச்சேன். ராத்திரி பாத்தா கவுன்ட் திரும்ப ஏறியிருக்கு. கரைஞ்சு போன மெட்டல் எப்படி திரும்பி வரும்? அப்பதான் உறைச்சது, சோடியம் அயோடைடு டிடெக்டர் வெயில்ல சூடானா அதுல வர்ற ஒளி குறைஞ்சு பீக் (காமா கதிரோட எனர்ஜி காட்டுற முகடு) நகர்ந்துடும், நாம எண்ணுறதுக்குன்னு வச்ச எனர்ஜி ஜன்னலுக்கு வெளிய கொஞ்சம் கவுன்ட் போயிடும். அன்னைலேருந்து பக்கத்துல ஒரு சின்ன சீசியம்-137 சோர்ஸ் வச்சு அதோட 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பீக் எங்க நிக்குதுன்னு மணிக்கு ஒரு தடவை பாத்துட்டுதான் இரும்போட கவுன்ட்டையே எழுதுவேன்.