பழைய கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரத்தில் சிவப்புப் பகுதிகள் எதற்காக?

புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பிய மோர்ஸ் காலத்துக் கப்பல்களின் வானொலி அறைக் கடிகார முகப்பில் 15 முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் உள்ள நிமிடங்கள் சிவப்பாகத் தீட்டப்பட்டிருக்கும். அபாய அழைப்பைத் தவிர வேறெதையும் அனுப்பக் கூடாத அந்த இடைவெளிகளே 'மௌன நேரம்'. அழைப்புக்கும் அபாய அறிவிப்புக்கும் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைக் கப்பல்கள் பகிர்ந்துகொண்டதால், தொலைவில் மூழ்கும் கப்பலொன்றின் மெல்லிய 'எஸ்.ஓ.எஸ்.' அருகிலுள்ளவற்றின் உரத்த ஒலிகளுக்குள் புதைந்துவிடக்கூடும். இரைச்சலான கூடத்தில் அனைவரும் ஒருசேரப் பேச்சை நிறுத்தினால், மூலையில் முனகுபவரின் குரலும் காதில் விழுமல்லவா? அதுபோலத்தான். வானொலி வரலாற்றிலேயே மனிதநேயம் மிக்க ஏற்பாடு இது என்பேன். பின்னர் இதன் இடத்தைப் பிடித்த, செயற்கைக்கோளையும் பயன்படுத்தும் புதிய அபாய அறிவிப்பு முறை 1999 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

மௌன நேரம் வானொலி அதிகாரிக்கு ஓய்வு நேரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் மிகக் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது அந்த மூன்று நிமிடங்களில்தான்.