கேள்வி-பதில்: ப்ராஜெக்ட், புத்தகம், பயணம்

கே: பகலெல்லாம் ப்ராஜெக்ட் வேலை. இரவு நாவல் எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இரண்டு வருடமாக நாலாவது அத்தியாயம்.

ப: தூக்கம் வந்தால் தூங்குங்கள். காலையில் மெயிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எழுதுங்கள். நாளுக்கு 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால், விடுப்பெல்லாம் போக, வருடத்தில் 70,000 சொல் தேறும். ஒரு நாவலுக்கு அது தாராளம். ‘மெயிலைத் திறப்பதற்கு முன்னால்’ என்பதை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

கே: நேரமே போதவில்லை. வழி சொல்லுங்கள்.

ப: கையில் எத்தனை வேலை, எத்தனை மணி நேரம், என்ன புத்தகம் என்று எதுவுமே எழுதாமல் வழி கேட்டால் எப்படி? இரண்டு வாரம் மணிக்கணக்கைக் குறித்து வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். குறிக்கும்போதே பாதி பதில் கிடைத்துவிடும்.

கே: டூரிஸ்ட் விசாவில் போய் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ப: மாட்டிக்கொண்டால் உங்களுக்குத் தெரியும். க்ளையன்ட் வேறு நாட்டில் இருந்தாலும், டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பதைப் பல நாடுகள் ஒப்புக்கொள்வதில்லை. இதற்கென்றே தனி விசா தரும் நாடுகளும் உண்டு. எஸ்தோனியா 2020இலேயே ஆரம்பித்துவிட்டது. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் குறுகிய கால விசாவுக்கு 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஒரே நாட்டில் அரை வருடத்தை நெருங்கினால் வருமான வரியும் எட்டிப் பார்க்கும், ஆடிட்டரைக் கேளுங்கள்.

கே: முடித்துக் கொடுத்த வேலைக்கு க்ளையன்ட் மூன்று மாதமாக ‘ஒரு சின்னத் திருத்தம்’ கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த மாதம் பயணம். புத்தகத்தைத் தொடவே முடியவில்லை.

ப: அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு கையேடு எழுதினேன். பதினோரு சுற்றுத் திருத்தம். கடைசியில், ‘மூன்றாவது வடிவமே நன்றாக இருந்தது’ என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். நடுவில் போன எட்டுச் சுற்றில் என் புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்கள் போயின. பயணம் எழுத்தைக் கெடுக்கிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். நான் பார்த்தவரை எழுத்தை அதிகம் தின்பது எல்லை போடாத வேலைதான்.

சரி, உங்கள் விஷயம். இன்றே ஒரு மெயில் போடுங்கள்: மிச்சமுள்ள திருத்தங்கள் எல்லாம் ஒரே கோப்பில், இந்தத் தேதிக்குள், அதற்கு மேல் வருவதற்கு மணிக்கணக்கில் கட்டணம். அந்தத் தேதி நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரமாவது முன்னால் இருக்கட்டும். அடுத்த வேலையிலிருந்து ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: பேசிய தொகைக்குள் இரண்டு சுற்று, பத்து நாள் பதில் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். கடைசித் தவணைப் பணத்தை க்ளையன்ட்டின் ‘திருப்தி’யோடு முடிச்சுப் போடாதீர்கள், ஒப்படைத்த தேதியோடு முடிச்சுப் போடுங்கள். திருப்திக்குத் தேதி கிடையாது. அப்புறம், வழக்கமாகச் சொல்வதுதான்: மூன்றில் ஒரு பங்காவது அட்வான்ஸ் வராமல் கோப்பைத் திறக்காதீர்கள்.

கே: விமானத்தில் முடித்து, இறங்கியதும் டெலிவரி கொடுத்துவிடலாமா?

ப: கூடாது. விமானம் தாமதமாகும், பக்கத்து இருக்கைக் குழந்தை அழும், இறங்கிய இடத்தில் நெட் இருக்காது. கிளம்பும் நாளுக்கு முன்னால் இரண்டு நாளும் போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாளும் காலியாக இருக்கட்டும். ஐந்தாறு மணி நேர வித்தியாசம் என்றால் உடம்பு பழகவே கிட்டத்தட்ட ஐந்தாறு நாள் ஆகும்.

கே: பவர் பேங்க்கைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பலாமா?

ப: கைப்பையில் மட்டும். அதில் தேங்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-அவருக்குள் இருக்கட்டும். மேலே 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-அவர்தான்.

கே: முதல் புத்தகம் வருகிறது. ராயல்டியை நம்பி ப்ராஜெக்ட்டுகளை விட்டுவிடலாமா?

ப: அச்சுப் புத்தகத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் ராயல்டி பேசுவார்கள். கணக்கு வருவதோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை. விடாதீர்கள். ஆறு மாதச் செலவு கையில் சேர்ந்ததும், அதிகம் தொந்தரவு தரும் க்ளையன்ட் ஒருவரை மட்டும் விடுங்கள்.

கே: பத்து வருடம் பழகிய க்ளையன்ட்டிடமும் அட்வான்ஸ் கேட்கத்தான் வேண்டுமா?

ப: ஆமாம்.