விண்டோஸ் 11-க்கு மாறி நான்கு நாள்: பழையதற்கே திரும்பலாமா?

கேள்வி: 2019-இல் வாங்கிய மடிக்கணினி. எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். நான்கு நாளுக்கு முன் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறினேன். ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது. ரைட் கிளிக் செய்தால் பாதி வசதிகளைக் காணோம். வேகமும் படுத்துவிட்டது. பழையதற்கே போய்விடலாமா?

பதில்: போக வழி இருக்கிறது, ஆனால் பத்து நாள்தான் கெடு. அதில் நான்கு கழிந்துவிட்டது. உங்கள் பழைய விண்டோஸ், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் கிடக்கிறது. கெடு முடிந்ததும் கணினியே அதை அழித்துவிடும். இடத்தை அடைக்கிறதே என்று அதுவரை நீங்கள் கை வைக்காதீர்கள்.

தோற்றம் பற்றிய குறைகள் இரண்டு நிமிட வேலை. திரையின் அடியில் உள்ள பட்டையில், அதாவது டாஸ்க்பாரில், காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போனால், அலைன்மென்ட் என்ற இடத்தில் 'லெஃப்ட்' கொடுக்கலாம். ஸ்டார்ட் பழைய மூலைக்கு வந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய நீளமான பட்டியல் முழுதாக வரும். தமிழில் தட்டச்சு செய்பவராக இருந்தால், மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார், முன்பு போலவே.

வேகம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். மாறிய முதல் ஓரிரு நாள் எந்தக் கணினியும் திணறும். தேடலுக்காகக் கோப்புகளை அட்டவணைப்படுத்தும், டிரைவர்களையும் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்க உதவும் சிறு மென்பொருள்கள்) அப்டேட்களையும் இறக்கும். அதற்காக ஒரு நாள் சார்ஜரில் போட்டு, தூங்கவிடாமல் ஓடவிடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் 100 சதவீதத்திலேயே நின்றால், தடை பிராசசரில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில்தான்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகடு சுழல்கிறது. ஊசி போன்ற ஒரு முனை அதன் மேல் இங்கும் அங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒரு பெரிய படத்தைத் தொடர்ந்து படிக்க அது போதும். விண்டோஸோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் முனை ஓடியாக வேண்டும். நொடிக்கு நூறு, இருநூறு தடவைக்கு மேல் அதால் முடியாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சிப்களில் சேமிக்கிறது. அதில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். உங்கள் பிராசசரும் 8 ஜிபி ரேமும் விண்டோஸ் 11-க்குப் போதும். ஒரு 512 ஜிபி எஸ்எஸ்டி போட்டால், அதே மடிக்கணினியா இது என்று கேட்பீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், ஏனென்றால் இது தெரியாமல் நல்ல கணினியையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.

எஸ்எஸ்டி மாற்றக் கடையில் கொடுக்கும் முன், செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்தப் பூட்டைத் திறக்கும் நீண்ட எண்ணான ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் கோப்புகளை மீட்க முடியாது.

திரும்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிவு செய்து பெறும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். வங்கி வேலையை அந்தக் கணினியில் செய்கிறவர் என்றால் இன்னும் யோசியுங்கள்.

அப்படியும் திரும்பியே ஆக வேண்டிய நிலை ஒன்று உண்டு: பிழைப்புக்கான மென்பொருளோ பிரிண்டரோ 11-இல் ஓட மறுத்து, அதற்குப் புதிய டிரைவரும் இல்லாதபோது. அப்போது கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்' என்று போங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும். இந்த நான்கு நாளில் புதிதாக நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். ஆறு நாள் மிச்சம் இருக்கிறது. அந்த மென்பொருளையும் பிரிண்டரையும் இன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.