செருப்பு ஆதிக்கம்

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் அடைந்து அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ரயில், பள்ளிக்கூடம், ஆங்கிலம் எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வெள்ளைக்காரர்கள் போனார்கள். இன்னமும் எதற்கெடுத்தாலும் 'காலணி ஆதிக்கம்' என்று பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயம் இருக்கட்டும், முதலில் அந்த 'ணி'க்கு வருகிறேன். காலுக்கு அணிவது காலணி, அதாவது செருப்பு. நீங்கள் கேட்க நினைத்தது ரெண்டு சுழி 'னி' போட்ட காலனி. செருப்பு ஆதிக்கம் பற்றி இந்தப் பக்கத்தில் கேள்வி வருவது இதுதான் முதல் தடவை.

இந்த ஒரு சுழிக்காக நான் பகைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டு விலாசம்: '12, ரயில்வே காலணி'. பன்னிரண்டாம் நம்பர் செருப்பில் ஒரு குடும்பமே குடியிருக்கிறதா என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம், பந்தியில் வைத்தே கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. எங்கள் பேட்டையில் ஓடும் டவுன் பஸ்ஸில் 'ஆசிரியர் காலணி' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியனின் செருப்புக்குத் தனி பஸ் ரூட் விட்டதில் எனக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. முன்பு எங்களிடம் பிழை திருத்திக்கொண்டிருந்த ஒருவர், "அர்த்தம் புரிஞ்சா போதாதா சார்?" என்பார். சண்டை முற்றி வேறு பத்திரிகைக்குப் போனார். அந்தப் பத்திரிகை இப்போது வருவதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

சரி, உங்கள் கடிதத்தையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டுக் கீழே வைக்கப் போனேன். அப்போதுதான் குமாசி ஞாபகம் வந்தது. நீங்கள் தப்பாக எழுதியதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

குமாசி இன்றைய கானா நாட்டில் இருக்கிறது. அசாந்திப் பேரரசின் தலைநகர். அசாந்தி மன்னரின் வெறுங்கால் தரையில் படக்கூடாது என்பது அவர்கள் மரபு. அதனால் அங்கே செருப்பு சாதாரணப் பொருள் இல்லை, கிரீடத்துக்குச் சமம். தலைவர் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கதை முடிந்தது.

1888-ல் பிரெம்பே என்ற இளைஞர் மன்னரானார். 1891-ல் பிரிட்டிஷார் அவரிடம், எங்கள் பாதுகாப்புக்குள் வந்துவிடு என்று ஆசை காட்டினார்கள். உங்கள் நட்பு வேண்டும், பாதுகாப்பு வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் அனுப்பினார். விடுவார்களா? 1896 ஜனவரியில் படையோடு குமாசிக்கு வந்துவிட்டார்கள். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல்கூட அந்தப் படையில் ஒரு அதிகாரி. பிரெம்பே போரிடவில்லை. ஜனவரி 20 அன்று பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி ஒரு மேடை போட்டு, அதன் மேல் கவர்னர் மேக்ஸ்வெல் உட்கார்ந்தார். இருபத்து சொச்சம் வயது மன்னரும் அவருடைய தாயாரும் ஊர் பார்க்க நடந்து வந்தார்கள். மன்னர் தலையில் இருந்ததை எடுத்தார், செருப்பைக் கழற்றினார், தாயும் மகனுமாகக் குனிந்து கவர்னரின் காலைக் கட்டிக்கொண்டார்கள். கவர்னர் பூட்ஸைக் கழற்றவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காலைப் பிடித்ததோடு விட்டார்களா என்றால் இல்லை. "50,000 அவுன்ஸ் தங்கத்தை எடு" என்றார்கள். இந்தப் பாக்கிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1874-ல் உல்ஸ்லி என்ற தளபதி குமாசிக்குள் புகுந்து, அரண்மனையைக் கொள்ளையடித்து, வெடிவைத்துத் தகர்த்து, ஊரையும் கொளுத்திவிட்டுப் போனார். அந்தப் போருக்கு ஆன செலவை அசாந்திகளே தரவேண்டும் என்று ஒப்பந்தம். அடிக்க வந்த ஆட்டோவுக்கு அடிவாங்கியவனிடமே வாடகை கேட்பது என்று நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அதற்கு முத்திரை குத்திக் கையெழுத்து வாங்கினார்கள். 50,000 அவுன்ஸ் எவ்வளவு என்று நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 1,94,000 சவரன். மன்னரால் உடனே எண்ணி வைக்க முடியவில்லை. தாய், தந்தை, தம்பி, தளபதிகளோடு அவரைக் கைது செய்து சியரா லியோனுக்கும், 1900-ல் அங்கிருந்து சீஷெல்ஸ் தீவுக்கும் கொண்டுபோனார்கள்.

மன்னரை மட்டும் பிடித்துப் போதவில்லை, நாற்காலியும் வேண்டியிருந்தது. 1900 மார்ச்சில் அடுத்த கவர்னர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து தலைவர்களைக் கூட்டிவைத்து, தங்க ஆசனம் எங்கே, இந்த நிமிடம் நான் ஏன் அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்று கேட்டார். தங்க ஆசனம் அசாந்தி மக்களின் உயிர் குடியிருக்கும் இடம், வானத்திலிருந்து இறங்கி வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் மன்னரே உட்காரமாட்டார். தரையிலும் வைக்கமாட்டார்கள், அதற்கென்று தனி ஆசனம் உண்டு. நாற்காலி என்றாலே ஏறி உட்காரத்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது என்று இருக்கும் நம் அரசியலுக்கு இது புரிவது கஷ்டம். ஹாட்ஜ்சனுக்கும் புரியவில்லை. எஜிசு ஊரின் ராஜமாதா யா அசந்தேவா தலைமையில் சண்டை மூண்டது. குமாசிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஹாட்ஜ்சன் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து, ஜூனில் எப்படியோ தப்பி ஓடினார். கடைசியில் ஜெயித்தது என்னவோ பீரங்கிதான். யா அசந்தேவாவையும் சீஷெல்ஸுக்கே அனுப்பினார்கள். 1921-ல் அங்கேயே இறந்தார். 1902-ல் அசாந்தி முறைப்படி பிரிட்டிஷ் உடைமையானது. ஆசனம் மட்டும் வெள்ளைக்காரர் கையில் சிக்கவே இல்லை.

மன்னர்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைப்பது பிரிட்டிஷாருக்குப் பழகிய வித்தை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் அங்கேயே முடிந்துபோனார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, வேலூர்ப் பக்கம் போனால் பாருங்கள். கண்டிச் சிம்மாசனத்தையும் கிரீடத்தையும் இங்கிலாந்துக்கு எடுத்துப்போய், 1934-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

செருப்புக்கே திரும்புகிறேன். காலனி என்ற சொல் நம் ஊர் ரெக்கார்டுகளில் என்ன வேலை பார்த்தது என்று உங்களுக்குத் தெரியும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். காலனியிலிருந்து வருகிறவர் ஊர்த்தெருவில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று வைத்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, நாம்தான். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். சொல்லை எடுத்தாயிற்று. தெருக்களைப் பற்றி எனக்கு எழுதுங்கள், பிழையோடு எழுதினாலும் போடுகிறேன்.

ரயில் கொடுத்தார்கள் என்கிறீர்கள். 1898-ல் செகோண்டித் துறைமுகத்தில் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடம் தார்க்வா, அங்கே தங்கச் சுரங்கம். அடுத்து ஒபுவாசி, அங்கேயும் தங்கச் சுரங்கம், லண்டன் கம்பெனியுடையது. அதற்குப் பிறகுதான், 1903-ல், குமாசி. ஆளைத் தேடிப் போன ரயிலா, தங்கத்தைத் தேடிப் போன ரயிலா, நீங்களே சொல்லுங்கள். அந்தக் காலனிக்கே 'தங்கக் கடற்கரை' என்றுதானே பெயர் வைத்திருந்தார்கள்! திருட வந்த வீட்டுக்கு 'பீரோ இல்லம்' என்று போர்டு மாட்டின மாதிரி.

இதற்காக அசாந்திகளைப் புனிதர்கள் ஆக்கவும் நான் தயாரில்லை. அக்கம்பக்கத்து மக்களைப் போரில் பிடித்து, கடலோரக் கோட்டைகளில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அடிமைகளாக விற்ற பேரரசு அது. 1957-ல் சுதந்திரம் கிடைத்த பிறகு கானாவை ஆண்டவர்களும், 1966-லிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக வந்த ராணுவத்தினரும் செய்த கூத்துகளுக்கு லண்டனைக் குறை சொல்ல முடியாது. அந்த அளவுக்கு உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன்.

ஆனால் 'பழைய கணக்கு' என்று எழுதினீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1874-லும் 1896-லும் குமாசியிலிருந்து அள்ளிய பொருள்களில் கொஞ்சம் 2024-ல் குமாசிக்கு வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து 15, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலிருந்து 17, ஆக 32. எல்லாமே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அப்படி அள்ளியவைதான். மன்ஹியா அரண்மனை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். எப்படி வந்தன? இரவலாக! 3 ஆண்டுக்கு. வேண்டுமானால் இன்னும் 3 ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் மியூசியத்தை ஏன் என்று கேட்டால், 1963-ம் ஆண்டுச் சட்டப்படி மியூசியம் தன் சொத்தை யாருக்கும் கொடுத்துவிட முடியாதாம். தன் சொத்து!

நம் வீடுகளில் பித்தளை அண்டாவில் தாத்தா பெயரை வெட்டி வைத்திருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் அதை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போய்விடுகிறார். பேரப்பிள்ளைக்குக் கல்யாணம், கேட்கப் போகிறோம். "தாராளமா எடுத்துட்டுப் போங்க, வியாழக்கிழமை திருப்பித் தந்துடணும். கீறல் விழாம பார்த்துக்குங்க" என்கிறார். தாத்தா பெயரைக் காட்டினால், "ஆமா, அருமையான வேலைப்பாடு" என்கிறார். இதில் கணக்கு பழையதா, இன்னும் ஓடிக்கொண்டிருப்பதா? அதே 2024-ல் அமெரிக்காவில் ஃபவ்லர் மியூசியம் தன்னிடம் இருந்த 7 பொருள்களை இரவலெல்லாம் பேசாமல் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டது. அவர்களுக்கும் சட்டமெல்லாம் இருக்கத்தான் செய்கிறது.

பிரெம்பே என்ன ஆனார் என்று கேட்கவில்லையே நீங்கள். சீஷெல்ஸில் ஞானஸ்நானம் பெற்று எட்வர்ட் ஆனார், ஆங்கிலம் படித்தார். நீங்கள் சொன்ன அந்த ஆங்கிலக் கல்விக்கு அவர் கொடுத்த ஃபீஸ் ஒரு ராஜ்யம். 1924-ல் குமாசிக்குத் திரும்ப அனுமதித்தார்கள், மன்னராக இல்லை, சாதாரண மிஸ்டர் பிரெம்பேயாக. ஜனங்கள் மன்னராகத்தான் வரவேற்றார்கள்.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன்பு, இப்போதைய பிழை திருத்துநர் வந்து நின்றார். "சார், கேள்வியில ஒரு சுழி கூடுதலா இருக்கு, எடுத்துடவா?" என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.