தமனி அடைப்பும் ஆய்வுக்கூட விலங்குகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சுண்டெலியின் தமனியில் கொழுப்புப் படிவு சிறுத்துவிட்டதாம். மனிதருக்கும் பலிக்குமா?

பதில்: எந்தச் சுண்டெலி என்று முதலில் பாருங்கள். சாதாரணச் சுண்டெலிக்குத் தமனிப் படிவு வருவதே இல்லை எனலாம். அதன் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் ஹெச்டிஎல்லில் இருக்கிறது. அங்கிருந்து 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் பக்கம் கொலஸ்ட்ராலை மாற்றிவிடும் சிஇடிபி புரதம் அதற்குக் கிடையாது. அதனால்தான் ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் ஏபோஇ மரபணுவை முடக்கிய சுண்டெலிகளை 1992இல் உருவாக்கினார்கள். கொழுப்புத் தீவனம் கொடுத்தால் அவற்றின் மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1,000 மில்லிகிராமைத் தாண்டும். நாம் 200க்கே கவலைப்படுகிறோம். படிவு சேர்வதும் மகாதமனியின் அடிப்பகுதியில்தான், இதயத் தமனிகளில் அபூர்வம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மனிதருக்குப் பெரும்பாலும் மாரடைப்பைக் கொண்டுவருவது படிவின் மூடி கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைவது. சுண்டெலியில் அது தானாக நடப்பது மிக அரிது. படிவு சிறுத்தது என்றால் சிறுத்தது, அவ்வளவுதான். மாரடைப்பைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: முயல் மேலானதா?

பதில்: முயலுக்கு சிஇடிபி உண்டு. 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர், எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயலுக்குக் கொடுத்துப் படிவை வரவழைத்தார். ஆனால் முயல் தாவர உண்ணி, கொலஸ்ட்ரால் அதன் இயல்பான உணவல்ல. அதன் படிவில் கொழுப்பை விழுங்கி உப்பிய நுரை செல்கள்தான் மிகுதி, முதிர்ந்த மனிதப் படிவைப் போல இருக்காது. எலியிலும் நாயிலும் அதே தீவனம் பலிக்காததால் அவருடைய சரியான கண்டுபிடிப்பையே பலர் ஒதுக்கினார்கள். வருத்தமான விஷயம்.

கேள்வி: விலங்கில் தோற்ற மருந்து மனிதரில் வென்றதுண்டா?

பதில்: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின்தான். ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோவின் முதல் ஸ்டாட்டின் எலிகளில் கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. கோழியிலும் நாயிலும் குறைத்தது. எலியோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். மறுபக்கம், சிஇடிபியைத் தடுக்கும் டார்செட்ராபிப் முயலில் படிவைக் குறைத்தது. சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006இல் நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் அது உயர்த்தியது.

கேள்வி: அடைத்த தமனியை விரித்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டைப் பன்றியில் சோதிக்கிறார்களே?

பதில்: இதயத் தமனியின் அளவு ஒத்துவருவதால். ஆனால் அவை இளம் பன்றிகள், தமனி நோயில்லாதது. ஸ்டென்ட் வைத்த புண் சீக்கிரம் ஆறிவிடும். சுண்ணாம்பு படிந்த மனிதத் தமனியில் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: ஓர் ஆய்வைப் படிக்கும்போது எதைத் தேடுவது?

பதில்: மருந்தை எப்போது தொடங்கினார்கள் என்பதை. கொழுப்புத் தீவனத்தோடு முதல் நாளே கொடுத்தால் படிவு வராமல் தடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. மருத்துவரிடம் வருபவருக்கோ பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த படிவு இருக்கும். முற்றிய படிவு உள்ள விலங்குக்குக் கொடுத்தார்களா, ஆண், பெண் இரண்டிலும் பார்த்தார்களா, எத்தனை வார வயது என்பதையும் செய்முறைப் பகுதியில் தேடுங்கள்.